உங்க டோக்கனைக் குடுங்க

இல்ல தம்பி, நான் வரிசையில குறுக்க புகுறவன் இல்ல. உங்க டோக்கனைக் குடுங்கன்னு வாய்விட்டுக் கேக்குறேன், அவ்வளவுதான். அதோ, ஜன்னலோரமா சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே, அது என் மக. மடியில இருக்குறது பேரன். எங்க முறை கடைசியில. டாக்டர் மத்தியானத்தோட எந்திரிச்சுடுவாரு, அப்புறம் அடுத்த வாரந்தான். அவரு கிளம்புறதுக்குள்ள இவளை உள்ள அனுப்பியாகணும்.

பிரசவம் பாத்த ஆஸ்பத்திரியில காட்டலியான்னா? நல்லாக் கேட்டீங்க போங்க. போனோமே. குழந்தையை எடை போட்டாங்க. தையலைப் பாத்தாங்க. பால் போதுதான்னு கேட்டாங்க, சம்பந்தியம்மா பதில் சொன்னாங்க. தூக்கமெல்லாம் எப்படின்னாங்க, அதுக்கும் சம்பந்தியம்மாதான். என் மக வாயத் தொறக்குறதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டாச்சு. சுவத்துல மட்டும் தாயும் சேயும் சிரிக்கிற மாதிரி இம்மாம்பெரிய படம். சிரிக்கிறவளுக்குப் படம் ஒட்ட இடமிருக்கு, அழுவுறவளுக்கு ஒரு நாற்காலி போட இடமில்ல.

நான் இன்னிக்கி நேத்து பேசுறவன் இல்லீங்க. எங்க ஆலையில ஒரு பொண்ணு, புள்ள பெத்து வேலைக்குத் திரும்பி வந்தவ, அவளைப் பறிகொடுத்தோம். எப்படின்னு கேக்காதீங்க. அன்னிலேர்ந்து நோட்டீஸ் அடிச்சுக் குடுத்துக்கிட்டிருக்கேன். பிரசவ வார்டுலயே மனசுக்கும் ஒரு டாக்டர் உக்காரணும்னு. எங்க சங்கத்து ஆளுங்களே என்னைப் பாத்து, தலைவரே, அடுத்து ஜோசியரும் கேப்பீங்களான்னு சிரிச்சானுங்க. சுகாதாரத்துறை அதிகாரி அதுக்கும் மேல. ஐயா, அதுக்குன்னு தனிக் கட்டடமே கட்டி வெச்சிருக்கோமேன்னாரு. கட்டித்தான் வெச்சிருக்கீங்க! ஊருக்கு இந்தக் கோடியில, பஸ் மாறி மாறி வரணும், பச்சை உடம்போட, கைக்குழந்தையத் தூக்கிக்கிட்டு. வாசல்ல மனநல ஆஸ்பத்திரின்னு ஆள் உயரத்துக்குப் பலகை வேற. இந்தப் படி ஏறுனவளை எந்த மாமியா சும்மா விடுவா? ஏன், நீங்களே கைக்குட்டையால முகத்தை மூடிக்கிட்டுத்தானே உக்காந்திருக்கீங்க.

கோச்சுக்காதீங்க. நாக்குல விஷம்னு என் பொண்டாட்டியே சொல்லுவா.

மாப்பிள்ளையா? தங்கமான மனுசன். கொஞ்ச நாள்ல சரியாயிடும் மாமாங்கிறாரு. அவருக்கென்ன, ஷிப்டுக்குப் போயிடுறாரு.

இதோ, உங்களுக்கு முந்தின ஆள் உள்ள போயாச்சு. அடுத்தது நீங்கதான். உங்களுக்குத் தூக்க மாத்திரைதானே? பழைய சீட்டைக் காட்டினா கீழேயே குடுத்துடுவாங்க. நான் கூட வந்து வாங்கித் தர்றேன். குடுக்கலேன்னா எப்படிக் கேக்கணும்னு எனக்குத் தெரியும்.

என்ன, அடுத்த வாரம் வந்தா ஆகாதான்னா?

அட, ஒண்ணுமில்ல. காலையில என் மக பேரனைக் குளிப்பாட்டித் தொடச்சு எங்கிட்ட குடுத்தா. ரொம்ப நாளைக்கப்புறம் மொகம் தெளிவா இருந்துச்சு. எனக்கே சந்தோஷமாப் போச்சு. அப்பா, உங்ககிட்டன்னா இவன் அழமாட்டேங்கிறான், இனிமே நீங்களே வளத்துக்குங்கன்னா. சொல்லிட்டு வெளிய போனா. எங்கம்மா போறேன்னு கேட்டேன், திரும்பவே இல்ல. தெருமுனையில கையப் பிடிச்சேன், அப்படியே பஸ்ஸேத்திக் கூட்டியாந்துட்டேன். பாருங்க, கால்ல செருப்புகூட இல்ல.

தர்றீங்களா? சரி, தாங்க.

அம்மாடி, எந்திரி. நம்ம முறைதான்.