மூங்கில் சட்டமும் என் தந்தையும்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அறிவார்ந்த பெருந்தகையீர், அருகிருக்கும் ஆன்றோரே, அன்பைத் தவிர வேறறியா அன்னையரே, கடைசி வரிசை வரை நிறைந்திருக்கும் உறவுகளே, உங்கள் அனைவரையும் நாணத்தோடு வணங்குகிறேன்.

பழஞ்சீனத்துச் சட்டம் படிப்பவள் நான். கல்லறைச் சேற்றில் ஈராயிரம் ஆண்டுக்கு மேல் கிடந்த மூங்கில் பட்டைகள். விரலகலம்கூட இல்லாத பட்டைகள். அவற்றில் தூரிகையால் தீட்டிய விதிகள்! என்ன சொல்கின்றன அவை? அடிக்காமல் உண்மையை அறிவதே சிறந்த விசாரணை என்கின்றன. அடித்து அறிவது தாழ்ந்தது என்கின்றன. அச்சுறுத்தினால் விசாரணையே பாழ் என்கின்றன!

கைதட்டாதீர்கள் ஐயா, பொறுங்கள்.

இவ்வரிகளை மொழிபெயர்த்த அன்று, சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர். கடை உடைத்த திருடனை ஒரே நாளில் பிடித்தவர் என்று நான் பெருமையடித்துத் திரிந்த அப்பா. எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

“அந்தக் கடை கேசுல பிடிச்ச தையற்காரனை அடிச்சுத்தாம்மா ஒத்துக்க வச்சேன். அவன் இல்லன்னு பின்னாடி தெரிஞ்சுது. அவன் உள்ள கிடந்தான், நான் பதக்கம் குத்திக்கிட்டேன்.”

அந்தப் பதக்கத்தைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்க் காட்டியவள் நான்! எந்த நாவால் இனி நீதி பேசுவேன்? எந்த முகத்தோடு சட்டம் பேசுவேன்?

மறுநாள் இருவரும் தையற்காரர் வீட்டுக்குப் போனோம். தண்டனை முடிந்து அவர் வந்து வெகுகாலம். இயந்திரத்தில் மனைவி தைத்துக்கொண்டிருந்தார். அன்று வாங்கிய அடியில் மடங்காமல் போன விரல்களால் தையற்காரர் நூல் பிரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா கைகூப்பி, “மன்னிச்சிடுப்பா,” என்றார்.

“என்கிட்ட எதுக்கு சார்? திருடன்னு சொன்னது கோர்ட்டு. அங்க போய்ச் சொல்லுங்க. என் பொண்ணுக்கும் உங்க பொண்ணு வயசுதான். மாமியார் வீட்டுல அவ இன்னிக்கும் திருடன் மகதான்.”

எங்களை உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எங்கள் கால் மடங்கியிருக்காது.

வீடு திரும்பியதும் அப்பா கேட்டார்: “நல்ல வக்கீல் யாரையாவது தெரியுமாம்மா?”

“வேண்டாம்ப்பா, உங்களையே உள்ள தள்ளிடுவாங்க!” யார் சொன்னது? சட்டம் படித்த இந்த வாய்தான் சொன்னது, தாய்மார்களே!

“தள்ளட்டும்,” என்றார் அப்பா.

முன்வரிசையில் தேடாதீர்கள், அவர் வரவில்லை. வக்கீலோடு இருக்கிறார். நாளை நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்லப் போகிறார். அவர் பெருமையில் பங்கு கேட்டவள், அவமானத்தில் மட்டும் விலகி நிற்பேனா? நிற்க மாட்டேன்! திருடன் மகள் என்ற பெயர் அந்தப் பெண்ணை விட்டுப் போகட்டும். குற்றவாளி மகளே என்று என்னை அழையுங்கள், திரும்பிப் பார்ப்பேன்.

சொல்லக் கூசியதைப் பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. உங்கள் அனைவருக்கும் வணக்கம்.