வேட்டியை மடித்துக் கட்டினால்

“அடி வாங்குறதுக்கு ரவுடிங்க டோக்கன் எடுத்துட்டு வரிசையில நிக்கிறானுங்க. இதுக்குப் பேரு சண்டைப் படமா?”

ஸ்ரீரங்கம் கோயிலின் இலவச தரிசன வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் மனைவியிடம் பொருமிக்கொண்டிருந்தார். வையம்பட்டியிலிருந்து வந்தவர்கள். காலையில் திருச்சியில் படம், மாலையில் பெருமாள்.

“சண்டைப் படத்தையே கிண்டல் பண்ற சண்டைப் படம்ங்க அது. தியேட்டரே சிரிச்சுது. நீங்க ஒருத்தர்தான் பல்லக் கடிச்சிட்டு உக்காந்திருந்தீங்க.”

“கிண்டலுக்கும் ஒரு அளவு வேணாமா? ஹீரோ வேட்டிய மடிச்சுக் கட்டுனா அடிச்சே ஆகணும். இவன் மடிச்சுக் கட்டுறான், வில்லன் திரும்பிப் பாத்ததும் இறக்கி விட்டுட்டுக் கும்பிடு போடுறான். ஊர்ல எந்த ஆம்பளையாவது இப்படிச் செய்வானா?”

“சேச்சே, செய்வாங்களா?”

அப்போது மலை மாதிரி ஒரு ஆள் தடுப்புக் கம்பிக்கு அடியில் குனிந்து வந்து, சரியாக இவருக்கு முன்னால் நுழைந்து நின்றார்.

“நாங்கல்லாம் எதுக்கு வரிசையில நிக்கிறோம்?” என்று உரக்கக் கேட்டபடி இவர் வேட்டியை மடித்துக் கட்டினார். முழங்கால் தெரியுமளவுக்கு நல்ல உயரமான கட்டு.

அந்த ஆள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

வேட்டி கணுக்கால் வரை இறங்கியது. இரண்டு கைகளும் தாமாகவே குவிந்தன.

“நீங்க நில்லுங்க சார். பெருமாள் எல்லாருக்கும் பொதுதானே.”

மனைவி பக்கத்துத் தூணைப் பார்த்தபடி கேட்டார்:

“ஏங்க, அந்த டைரக்டர் உங்கள எப்பப் பாத்தாரு?”