குகை வாசலில் இரண்டு பூட்டு

— போயிட்டாங்களா? நல்லா எட்டிப் பாருங்க.

— போயாச்சு. ஜீப்பு வளைவு திரும்பிடுச்சு, புழுதிதான் நிக்குது. நீ முதல்ல அந்த ஸ்டூல்ல உக்காரு. காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்க.

— உக்காந்தா அழுதுடுவேங்க.

— அழு, யாரு வேண்டாம்னா? நான் ஜீப்பு பக்கத்துலயே நின்னு ரெண்டு சொட்டு விட்டாச்சு. கண்ணுல தூசின்னு சொல்லிச் சமாளிச்சேன்.

— அந்த ஆய்வுக்குழுத் தலைவர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க. அவர் வாயைத் திறந்ததும் எனக்குக் காது அடைச்சுப் போச்சு.

— அதாவது... இரு, தொண்டையைச் செருமிக்கறேன். "இந்தக் குகை ஓவியத்துக்காக மட்டும் பாதுகாக்கற இடம் இல்ல. வௌவாலுக்காக மட்டும் பாதுகாக்கற இடமும் இல்ல. ரெண்டுக்கும்தான். அதனால தொல்லியல் துறையும் இருக்கும், வனத்துறையும் இருக்கும். ரெண்டு காவலரும் இங்கயே இருப்பாங்க." போதுமா?

— இடமாற்றம்?

— கிடையாது. நீ கடற்கரைச் சதுப்புல போய்க் கொக்கு எண்ண வேண்டாம். நான் நகரத்து மியூசியக் கிடங்குல உடைஞ்ச பானைக்குக் காவல் நிக்க வேண்டாம்.

— அப்பாடா! ஒரு குகைக்கு ரெண்டு துறை எதுக்கு, ஒண்ணு போதும்னு என்னிக்கு அந்தக் கடிதாசு வந்துச்சோ, அன்னியிலேருந்து வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். நேத்து நம்ம பொண்ணு என்ன கேட்டா தெரியுமா? "நான் யார் கூட இருக்கணும்னு நானே சொல்லணுமாம்மா?"ன்னு. எட்டு வயசுப் பிள்ளை கேக்கற கேள்வியாங்க அது?

— என்கிட்டயும் கேட்டா. நான் செருப்பைத் தேடற மாதிரி வெளிய போயிட்டேன்.

— பள்ளிக்கூடம் விட்டதும் முதல்ல அவகிட்டதான் சொல்லணும். வாசல்லயே போய் நின்னு சொல்லணும்.

— சொல்லிடலாம். இன்னிக்கு ரெண்டு பேருமா போய்ச் சொல்லலாம்.

— ஏங்க, ஒண்ணு கேக்கணும். குழுவோட வந்த அந்த ஓவியத்து அம்மா உங்ககிட்ட, "வௌவால் எச்சத்தால ஓவியம் கெடுதா?"ன்னு கேட்டாங்களே. வீட்ல என்ன சொல்வீங்க? சோத்துல கை வச்சதும், "உன் வௌவாலுங்க என் மான் மேல அசிங்கம் பண்ணிடுச்சு"ன்னு ஆரம்பிப்பீங்க. அங்க என்ன சொன்னீங்க?

— அதாவது, "பெரிசா ஒண்ணும் இல்லம்மா. மூங்கில்ல தட்டி பின்னி நடுவுல கட்டியிருக்கேன், விழறதெல்லாம் அதுல விழுந்துடும். அதுங்க பாட்டுக்குத் தொங்கட்டும்"னேன். ஏன், பொய்யா? தட்டி கட்டினது நான்தானே?

— கட்டினீங்க. கட்டினதுலேருந்து அதைச் சொல்லிக் காட்டாத நாளும் கிடையாது. எண்பத்து மூணு ஓவியத்துக்கும் சொந்தக்காரர் மாதிரி அடிச்சுக்கற மனுஷன், இன்னிக்கு என் வௌவாலுக்கு வக்காலத்து வாங்கறாரேன்னு எனக்கு மயக்கமே வந்துடுச்சு.

— நீ மட்டும் என்னவாம்? அந்தத் தாடிக்காரர், அதான் வௌவால் நிபுணர், "காவலரோட டார்ச் வெளிச்சம் தொந்தரவா?"ன்னு உன்கிட்ட கேட்டார். பதினொரு வருஷமா என் டார்ச்சைத் திட்டாம நீ தண்ணி குடிச்சதுண்டா?

— அவர்கிட்ட உண்மையைத்தான் சொன்னேன். "டார்ச்சுக்குச் சிவப்புத் துணி கட்டியிருக்கார் சார். அந்த வெளிச்சத்துக்கு அதுங்க அசையறதுகூட இல்ல"ன்னு.

— துணியைக் கட்டினது யாரு?

— நான்தான். நம்ம பொண்ணோட கிழிஞ்ச கவுன். அதையெல்லாம் எதுக்கு அவர்கிட்ட சொல்லிக்கிட்டு?

— தாடிக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சார். "மத்த ஊர்லல்லாம் இந்த ரெண்டு துறையும் முடியைப் பிடிச்சு அடிச்சுக்கும். இங்க ஓவியத்துக்காரர் வௌவாலுக்குப் பேசறார், வௌவாலம்மா ஓவியத்துக்குப் பேசுது. ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டீங்களா?"ன்னு கேட்டார்.

— பேசி வச்சா! ரெண்டு வாரமா "உப்பு எடு, கதவைச் சாத்து"ன்றதைத் தவிர நாம என்ன பேசினோம்?

— அதாவது, நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். நீ இங்க இருந்தாதான் பொண்ணு இதே பள்ளிக்கூடத்துல படிக்கும். அதனால குகையை வனத்துறைக்குக் குடுத்துடட்டும், நான் மட்டும் கிளம்பிடறேன்னு.

— போங்க! நான் நீங்க இருக்கட்டும்னு நினைச்சேன். பொண்ணுக்குக் கணக்கு சொல்லித்தர என்னால ஆகாது. பெட்டிகூடக் கட்டிட்டேன். கட்டிலுக்கு அடியில இருக்கு.

— தெரியும். அதுக்குப் பக்கத்துலதான் என் பையும் இருக்கு.

— இப்ப நிஜமாவே அழப்போறேன்.

— அழாதே, அழாதே. இந்தா தண்ணி. தலைவருக்கு எது பிடிச்சுது சொல்லு பாப்போம்?

— பூட்டு.

— பூட்டேதான்! "ஒரு கம்பிக்கதவு, ரெண்டு பூட்டு. ஒரு சாவி இவர் துறை, ஒரு சாவி இந்தம்மா துறை. ஒருத்தர் இல்லாம இன்னொருத்தர் உள்ள போகவே முடியாது. பதினொரு வருஷமா சுவத்துல ஒரு கீறல் இல்ல, ஒரு வௌவால் குறையலன்னா அதுக்கு இந்த ரெண்டு பூட்டுதான் காரணம்." அப்படியே அறிக்கையில எழுதப் போறாராம்.

— எழுதட்டும், எழுதட்டும். அந்தப் பூட்டுதானே நம்மளைக் காப்பாத்திச்சு.

— உனக்கு நல்ல பூட்டு. அதால நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வருஷம் நாலு மாசம். நான் ஆறு மணிக்கு டான்னு வந்துடுவேன். உன் பஸ் ஆறே முக்காலுக்கு. முக்கால் மணி நேரம் அந்தப் படியில...

— ஆரம்பிச்சுட்டீங்களா? கல்யாணத்துக்கு வந்தவங்க ஒருத்தரையும் விடாம சொன்னீங்களே. "இவ சாவிக்குக் காத்துக் காத்து கால் தேஞ்சு போச்சு, அதான் ஆளையே கட்டிக்கிட்டேன்"னு. எங்க அப்பா முகம் போன போக்கை நீங்க பாக்கல.

— உள்ளதைச் சொன்னேன். வெயில்ல காஞ்சேன், மழையில ஊறினேன்.

— சரி, நான்தான் பாவி. ஆனா ஒண்ணு, சாயங்காலம் என்னை நிக்க விட்டதில்ல நீங்க. "நீ கீழ இறங்கு, பஸ் போயிடும். பூட்டை நான் இழுத்துப் பாத்துட்டு வரேன்"னு அனுப்பிடுவீங்க. பஸ்ஸு போய் நம்ம ஸ்கூட்டர் வந்த பிறகும் அதே பாட்டுதான். இன்னிக்குகூட "நீ கீழ போ"ன்னீங்க.

— அது... பழக்கம்.

— அதிருக்கட்டும். காலையில வாசல்ல என்னத்துக்கு "தேனீ! தேனீ!"ன்னு அப்படிக் கத்தினீங்க? தலைவர் பாவம், பூட்டைப் பிடிச்சுப் பாக்கக் கையை நீட்டினார். நீங்க துண்டை வீசினதுல அவர் கண்ணாடி போய்ப் புதர்ல விழுந்துச்சு.

— தேனீ மாதிரி இருந்துச்சு.

— ஒரு ஈகூட இல்ல அங்க.

— வண்டா இருக்கும். விடேன், எல்லாம்தான் நல்லபடியா முடிஞ்சுதே. வா, வீட்டுக்குக் கிளம்பலாம்.

— இருங்க. இந்தப் பெட்டி யாரோடது?

— அந்த ஓவியத்து அம்மாவோடது. விளக்குப் பெட்டி. மறந்துட்டுப் போயிட்டாங்க போல.

— தூக்கினா காத்தா இருக்கு. ஏங்க, உள்ள விளக்கு இல்ல!

— ஜீப்புல வச்சிருப்பாங்க.

— இல்லீங்க. விளக்கை மான் கூட்ட ஓவியத்துக்கு முன்னாடி நிறுத்தி வச்சுப் படம் எடுத்தாங்க. அப்பதான் தலைவர், மழைத்தண்ணி இறங்கற இடத்தைக் காட்டுங்கன்னு கூப்பிட்டார். எல்லாரும் அப்படியே வெளிய வந்துட்டோம். அதை யாருமே அணைக்கல. அது உள்ளயே எரிஞ்சுக்கிட்டு இருக்கு!

— பேட்டரி தீந்தா தானா அணையும்.

— ராத்திரி பூரா தாங்கும்னு அந்தம்மாவே பெருமையாச் சொன்னாங்க. இது குட்டி போடற மாசம். நேத்து எண்ணினதுல நானூத்திப் பன்னெண்டு குட்டி. வெளிச்சத்துக்கு மிரண்டு தாய் படபடன்னு பறந்துச்சுன்னா குட்டி பிடி நழுவிக் கீழ விழும். ஓடுங்க! என் சாவி, என் சாவி எங்க?

— இடுப்புல பாரு.

— இல்ல. ஐயோ... தலைவர் ரெண்டு சாவியையும் வாங்கிச் சேத்து வச்சுப் பாத்தார். உங்களோடதைத் திருப்பிக் குடுத்தார். என்னோடது அவர் சட்டைப் பையில போச்சுங்க! நானும் வாயைப் பிளந்துக்கிட்டு நின்னுட்டேன்.

— போன் போடு.

— போட்டுட்டேன், போகல. அந்த மலைப்பாதையில எங்க சிக்னல் கிடைக்கும்? ரெண்டு மணி நேரம் ஆகும் அவங்க கீழ போய்ச் சேர. இரும்பு அறுக்கற ரம்பம் எங்க இருக்கு? பூட்டை அறுத்துடலாம்.

— அவ்வளவு புகழ்ந்துட்டுப் போயிருக்கார், இன்னிக்கே அறுக்கறதா? வேலை போயிடும்.

— போகட்டும்! குட்டி விழுந்தப்புறம் இந்த வேலை எனக்கு எதுக்கு? ரம்பத்தை எடுங்க!

— ரம்பம் வேண்டாம். டார்ச்சை மட்டும் எடு. வா.

— சாவி இல்லாம மேல போய் என்ன பண்ண? எழுபத்திரண்டு படியேறி வேடிக்கை பாக்கவா?

— வான்னு சொல்றேன்ல. பாத்து, அந்த மூணாவது படி ஆடும்.

— எனக்கு எந்தப் படி ஆடும்னு நீங்க சொல்றீங்களா? சீக்கிரம் நடங்க. மூச்சு வாங்குது... வந்தாச்சு. கேக்குதா, உள்ள ஒரு மாதிரி கீச்சுக்கீச்சுன்னு?

— கேக்குது. என் பூட்டைத் திறந்துட்டேன். இப்ப... நீ கோவிச்சுக்கக் கூடாது.

— இந்த நேரத்துல என்னங்க கோவம்?

— உன் பூட்டைப் பிடி. பிடிச்சு, லேசா கீழ இழு.

— இழுத்தா? சாவி இல்லாம... ஏங்க! திறந்துடுச்சுங்க!

— விளக்கு, விளக்கு! மத்ததெல்லாம் அப்புறம்.

— அணைச்சுட்டேன். மெதுவாப் பேசுங்க. டார்ச்சைத் தரையில அடிங்க... அந்தப் பக்கம்... இன்னும் கொஞ்சம் உள்ள.

— ஏதாவது விழுந்திருக்கா?

— தரையில இல்ல. தட்டியிலயும் இல்ல. ஒண்ணுகூட இல்லீங்க! எல்லாம் தாய் வயித்தோட ஒட்டிக்கிட்டுத் தொங்குது. உங்க தட்டிதான் மறைச்சிருக்கு. வெளிச்சம் அந்தப் பக்கமே போகல.

— தட்டியைச் சொல்லிக் காட்டக் கூடாதுன்ன. இப்ப சொல்லலாமா?

— ஆயுசுக்கும் சொல்லுங்க. நான் வாயே திறக்க மாட்டேன். வாங்க, வெளிய போயிடலாம்.

— பூட்டியாச்சு. கிளம்பலாமா?

— எங்க கிளம்பறது? உக்காருங்க இந்தப் படியில. என் பூட்டு எப்பலேருந்து இப்படி?

— நாளைக்கே நல்ல பூட்டா ஒண்ணு வாங்கிடலாம்.

— எப்பலேருந்துன்னு கேட்டேன்.

— அதாவது... நீ வேலைக்குச் சேர்ந்து மூணாவது மாசம் ஒரு மழை அடிச்சுதே, அதுல உள்ள துரு ஏறியிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் இழுத்துப் பாத்தேன், கையோட வந்துடுச்சு. சாவி போட்டாலும் திறக்கும், போடாட்டியும் திறக்கும்.

— பதினொரு வருஷமா! என்கிட்ட ஏன் சொல்லல?

— அப்ப உனக்குத் தற்காலிக வேலை. வந்து மூணே மாசம். புதுசா வந்த பொண்ணு பூட்டைக் கெடுத்துடுச்சுன்னு உன் தலையில கட்டி, வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம். அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு... ஒரு நாளும் வாய் வரல. ஆனா என் பூட்டு கல்லு மாதிரி இருந்துச்சு. வெளியாள் ஒருத்தன் உள்ள போயிருக்க முடியாது.

— அதான் என்னை ஒரு நாளும் இழுத்துப் பாக்க விடல. அதான் இன்னிக்குத் தேனீ.

— அவர் மட்டும் இழுத்திருந்தார்னா, இந்நேரம் நீ கொக்கு எண்ணக் கிளம்பியிருப்ப.

— இருங்க, இருங்க. மூணாவது மாசம் கெட்டுப் போச்சு. கல்யாணம் அதுக்கப்புறம் பதிமூணு மாசம் கழிச்சு. அந்தப் பதிமூணு மாசமும் உங்க சாவி ஒண்ணே போதும். ஆறு மணிக்கே நீங்க பாட்டுக்கு உள்ள போயிருக்கலாம்.

— போயிருக்கலாம்.

— போகலையே. கொட்டற மழையில துண்டைத் தலையில போட்டுக்கிட்டு நின்னீங்க. காய்ச்சலோட இதே படியில சுருண்டு உக்காந்திருந்தீங்க, நான்தான் மாத்திரை வாங்கித் தந்தேன். கதவு சும்மாவே திறக்கும்னா, எதுக்குங்க தினமும் முக்கால் மணி நேரம் காத்துக்கிட்டு இருந்தீங்க?

— நான் கதவு திறக்கவா காத்துக்கிட்டு இருந்தேன்?