மைதானம் தப்பிச்சுது

சாருகா: அப்பா, அதை வெளியிலை எடுங்கோ. மீன் ஊருக்கு ஆரும் மீன் கட்டிக்கொண்டு போவினமோ?

சூசைரட்ணம்: இது விளைமீன் பிள்ளை. உது அங்கை எங்கை கிடைக்கும்? அங்கத்தை தொர்ஸ்க் மீன்... அவிச்சால் பஞ்சு மாதிரி.

சாருகா: பிளேனுக்குள்ளை உருகி ஒழுகப் போகுது.

சூசைரட்ணம்: ஒழுகாது. பேப்பராலை சுத்தி, அதுக்கு மேலை உன்ரை கம்பளிச் சட்டையாலையும் சுத்தியிருக்கிறன்.

சாருகா: என்ரை சட்டையாலையோ! ஐயோ... ரிஷி! இஞ்சை வந்து உங்கடை மாமா செய்த வேலையைப் பாருங்கோ.

ரிஷிகேசன்: விடு சாரு. ஆசையாய்க் கட்டியிருக்கிறார். மாமா, இந்த ரெண்டு பெட்டியையும் கீழை கொண்டு போறன். கிளெமென்ற் அங்கிள் காரோடை வந்து நிக்கிறார்.

சூசைரட்ணம்: அவனை மேலை வரச்சொல்லும் தம்பி. தேத்தண்ணி ஊத்திறன்.

ரிஷிகேசன்: கேட்டனான் மாமா. மாட்டாராம். உங்கடை முகத்தைப் பார்க்க ஏலாதாம். எல்லாம் தன்னாலைதானாம்...

சாருகா: ரிஷி! பறையாமல் பெட்டியைத் தூக்குங்கோ.

ரிஷிகேசன்: சரி சரி. போறன்.

சூசைரட்ணம்: என்ன அவனாலை? அவன் என்ன செய்தவன்?

சாருகா: ஒண்டுமில்லை அப்பா. அங்கிளுக்கு முழங்கால் நோ.

சூசைரட்ணம்: லிஃப்ட் இருக்கு.

சாருகா: லிஃப்டுக்கும் நடந்துதானே வரோணும்.

சூசைரட்ணம்: நல்லாய்ப் பொய் சொல்லுறாய். கொம்மாவும் உப்பிடித்தான், பொய் சொல்லேக்கை மூக்கைச் சொறிவாள்.

சாருகா: எனக்கு உண்மையாய் மூக்குக் கடிக்குது. இந்த மீன் மணத்துக்கு.

சூசைரட்ணம்: ரெண்டு வருசம்தானே பிள்ளை?

சாருகா: ம்...

சூசைரட்ணம்: அங்கை நேர்ஸ்மார் இல்லை, ரெண்டு வருசம் வேலை செய்திட்டுத் திரும்பி வாறம் எண்டுதானே எனக்குச் சொன்னனீ?

சாருகா: ஓம் அப்பா.

சூசைரட்ணம்: பிறகு என்னத்துக்குக் காணி?

சாருகா: எந்தக் காணி?

சூசைரட்ணம்: தம்பி போனிலை கதைச்சது குசினிக்குள்ளை கேட்டது. அங்கத்தை ஊர்ச்சபை, கொம்யூன், உங்களுக்குக் காணி குடுக்குதாம். வீடு கட்டிறதுக்கு. ரெண்டு வருசத்துக்குப் போறவை வீடு கட்டுவினமோ?

சாருகா: ...அங்கை காணியைச் சும்மா மாதிரித்தான் அப்பா குடுக்கினம். எடுக்க ஆளில்லை. ஆள் வந்தால் காணும் எண்டு நிக்கினம்.

சூசைரட்ணம்: அண்டைக்கும் உப்பிடித்தான். நான் நோர்வேயின்ரை வடக்கை, ஃபின்மார்க்கிலை மீன் பக்டரியிலை நிண்ட காலம், அந்த ஊர் மேயரே வந்து கையைப் பிடிச்சுக் கேட்டவர், போகாதேங்கோ எண்டு. நானும் கொம்மாவும் கேட்கேல்லை. நீ தமிழ்ப் பிள்ளையளோடை வளரோணும் எண்டு உன்னைத் தூக்கிக்கொண்டு ஒஸ்லோவுக்கு ஓடி வந்தனாங்கள்.

சாருகா: இப்ப நான் வயித்துக்குள்ளை ஒண்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடுறன்.

சூசைரட்ணம்: பகிடியே உனக்கு?

சாருகா: சிரிக்காட்டி அழுதுபோடுவன் அப்பா.

சூசைரட்ணம்: இஞ்சை என்ன குறை? அந்தச் சின்ன அறை காணாது எண்டால் என்ரை அறையை எடுங்கோ. எத்தினை தரம் சொன்னனான்? நான் ஹோலிலை சோபாவிலை படுத்திருப்பன். எனக்கென்ன, ஒற்றைக் கட்டை.

சாருகா: பிள்ளை பிறந்து இரவிரவாய்க் கத்தேக்கை நீங்கள் ஹோலிலை நாரி நோவோடை கிடக்கிறதோ? மனம் கேட்குமோ அப்பா?

சூசைரட்ணம்: அப்ப இஞ்சை கிட்ட ஒண்டு பார்த்திருக்கலாமே.

சாருகா: பார்க்காமலோ? அம்மருட்டிலை பார்த்தம். ட்வெய்ட்டாவிலை பார்த்தம். ஹவுகெட்டோவுக்கு மட்டும் எத்தினை ஞாயிற்றுக்கிழமை போயிருப்பம்? ஒரு வீட்டைப் பார்க்கப் படிக்கட்டு நிறையச் சனம். நாங்கள் சப்பாத்துக் கழட்ட முன்னம் விலை மேலை போடும்.

சூசைரட்ணம்: புதுசாய்க் கட்டலாமே இவங்கள். பின்னாலை இவ்வளவு காடு கிடக்கு.

சாருகா: காட்டுக்குள்ளை கட்டேலாது. அது நாட்டுச் சட்டம். கோடு கீறி வைச்சிருக்கு. கொம்யூன் நினைச்சாலும் தாண்டேலாது.

ரிஷிகேசன்: பெட்டி ரெண்டும் ஏத்தியாச்சு. என்ன, வீட்டுக் கதையோ? மாமா, அரசாங்கம் வீடு கட்டு எண்டுது. காட்டைத் தொடாதை எண்டு சொல்லுறதும் அதே அரசாங்கம்தான். கொம்யூனைக் கேட்டால், கட்டலாம், ஆனால் சனம் ஏசாத இடத்திலை எண்டுது. பிறகு நாங்கள் எங்கை இருக்கிறது? மரத்திலையோ?

சாருகா: மரத்திலையும் ஏலாது. மரம் காட்டுக்குள்ளை நிக்குது.

சூசைரட்ணம்: ஹ்ம்... ரெண்டு பேரும் சேர்ந்து வாயடிக்கிறியள். ஊருக்குள்ளை வேறை வெளியே இல்லையோ?

ரிஷிகேசன்: ஸ்ரேசனுக்குக் கிட்டக் கட்டுங்கோ எண்டதுதான் மேலை இருந்து வந்த கட்டளை. ஸ்ரேசனுக்குக் கிட்டக் கிடந்தது ஒரே ஒரு வெளி. அதுதான் உங்களுக்கே...

சாருகா: ரிஷி, கார்ச் சாவி எங்கை?

ரிஷிகேசன்: கார் அங்கிளின்ரை. சாவியும் அவரிட்டை.

சாருகா: அப்ப போய் அவரோடை நில்லுங்கோ.

சூசைரட்ணம்: தம்பியை ஏன் கலைக்கிறாய்? மைதானத்தைத்தானே சொல்ல வாறியள்.

சாருகா: ஒருத்தரும் ஒண்டும் சொல்ல வரேல்லை. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.

சூசைரட்ணம்: அது எங்கடை பிள்ளையள் ஓடுற இடம். வருசா வருசம் எங்கடை விளையாட்டுப் போட்டி நடக்கிற இடம். நீ அதிலை கயிறு இழுத்து விழுந்து பல்லு உடைச்சனி.

சாருகா: ஓம்.

சூசைரட்ணம்: கிளெமென்ற் வந்து, அண்ணை, கோயிலிலை வாசகம் வாசிக்கிற குரல் உங்கடை, கொம்யூன் கூட்டத்திலை நீங்கள்தான் கதைக்கோணும் எண்டு நிண்டவன். எப்பிடி மாட்டன் எண்டுறது? தமிழ்ச் சங்கத்துச் சனம் முழுக்க வந்து இருக்குது. நான் என்ரை உடைஞ்ச நோர்வே பாஷையிலைதான் கதைச்சனான். வெள்ளைக்காரரும் எழும்பி நிண்டெல்லோ கை தட்டினவை!

ரிஷிகேசன்: அதுக்குப் பிறகு எந்தக் கட்சிக்காரனுக்குக் கை தூக்கத் துணிவு வரும்? மைதானம் தப்பிச்சுது. அதிலை கட்ட இருந்த மாடிவீட்டுப் புளொக் போச்சுது.

சூசைரட்ணம்: உனக்குத்தான் பிள்ளை அண்டைக்கு டியூட்டி. வந்திருந்தால் கேட்டிருப்பாய்.

சாருகா: ...ஓம். டியூட்டி.

சூசைரட்ணம்: திரும்பவும் மூக்கைச் சொறியிறாய்.

சாருகா: அப்பா, நேரமாகுது. எழும்புங்கோ. கட்டிப்பிடிச்சு ஒரு கொஞ்சு தாங்கோ, போவம்.

சூசைரட்ணம்: பொறு. எனக்கு ஒளிச்சது காணும். அந்தப் புளொக்கிலை உங்களுக்கு ஒரு வீடு கேட்டு வைச்சிருந்தனீங்கள்.

சாருகா: ...ஆர் சொன்னது?

சூசைரட்ணம்: சரியோ பிழையோ, அதைச் சொல்லு.

சாருகா: ஆர் அப்பா சொன்னது?

ரிஷிகேசன்: நான்தான் சாரு.

சாருகா: எப்ப?

ரிஷிகேசன்: கூட்டத்துக்கு முதல் நாள். மாமா குசினியிலை நிண்டு பேச்சைப் பாடமாக்கிக்கொண்டு நிண்டவர். எனக்குப் பொறுக்கேல்லை. மாமா, அதிலை ஒரு வீடு எங்களுக்கு, ஜன்னலைத் திறந்தால் உங்கடை பல்கனி தெரியும், கூப்பிட்டால் கேட்கும் தூரம் எண்டு சொன்னனான்.

சாருகா: எனக்கு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லேல்லை!

ரிஷிகேசன்: என்னெண்டு சொல்ல? தெரிஞ்சுகொண்டுதான் எழும்பிக் கதைச்சவர் எண்டு, உன்ரை அப்பாவை உன்னட்டையே காட்டிக் குடுக்கிறதோ?

சூசைரட்ணம்: தம்பியிலை பிழை இல்லை. நான்தான் அவளுக்குச் சொல்லாதையும் எண்டனான்.

சாருகா: விடுங்கோ அப்பா. முடிஞ்சுது. பிளேன் நிக்காது.

சூசைரட்ணம்: விடச் சொல்லாதை. கொம்மா போனாப்பிறகு இந்த வீட்டுக்குள்ளை கேட்கிறது உங்கடை ரெண்டு பேற்றை சத்தம்தான். நீ டியூட்டி முடிஞ்சு வந்து கதவைத் திறக்கிற சத்தத்தைக் கேட்டாப்பிறகுதான் நான் நித்திரை கொள்ளுறனான். கூப்பிடு தூரம் எண்டாலும் அது வேறை வீடுதானே பிள்ளை. புளொக் வராட்டி... உங்களுக்குப் போக இடமில்லாட்டி... என்னோடையே இருந்திடுவியள் எண்டு நினைச்சன்.

ரிஷிகேசன்: மாமா, இருங்கோ... முதல் இதிலை இருங்கோ.

சூசைரட்ணம்: இந்த நாட்டின்ரை அந்தலைக்குப் போவியள் எண்டு ஆர் கண்டது? நீ ஏன் கல்லு மாதிரி நிக்கிறாய்? வாயைத் திறந்து ஏசு. ஏசிப்போட்டுப் போ.

சாருகா: அண்டைக்கு எனக்கு டியூட்டி இல்லை அப்பா.

சூசைரட்ணம்: என்ன?

சாருகா: கூட்டத்திலை, கடைசி வரிசையிலை இருந்தனான். நீங்கள் கதைச்சு முடிய எல்லாரும் உங்களைத் தோளிலை தட்டித் தட்டி வெளியிலை கூட்டிக்கொண்டு போட்டினம். அதுக்குப் பிறகு கதைக்கக் கூப்பிட்டது என்ரை பேரை. எங்களுக்கு வீடு வேணும், கட்டுங்கோ எண்டு சொல்ல வந்தனான் அப்பா. ஆனால் நீங்கள் மைதானத்தைப் பற்றிக் கதைச்ச குரல், அம்மாவின்ரை செத்தவீட்டிலை கதைச்ச குரலெல்லோ... அதைக் கேட்டாப்பிறகு எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை எண்டு சொல்லிப்போட்டு இருந்திட்டன்.