தோள்மேல் நாலு விரல்

இல்லீங்க ஐயா, அது கதவு சாத்தின சத்தம் இல்ல. பேப்பர் வெட்டற கத்தி. மேலேர்ந்து இறங்கறப்ப டொக்குன்னு கேக்கும், வர்றவங்க எல்லாரும் ஒரு தடவ திடுக்கிடுவாங்க. பாஸ்போர்ட் படம் வெட்டிட்டிருந்தேன். அது கெடக்கட்டும், நீங்க உள்ள வாங்க. மெதுவா, கீழ வயர் இருக்கு.

கட்டைவிரல எடுங்களேன். படத்து மேல இப்படி அழுத்திப் பிடிச்சிருந்தா ஸ்கேனர்ல எப்படி வைக்கிறது? ஓ, இவங்களத்தான் படத்துலேர்ந்து எடுக்கணுமா. நீல உடுப்பு. பொண்ணா? சரி சரி, நான் எதுவும் கேக்கல. நாலு மாசமாப் பேச்சில்ல, புரியுது. உக்காருங்க.

எடுக்க முடியுமான்னு கேட்டீங்கன்னா, முடியும். இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் எதையாவது எடுக்கத்தான் வர்றாங்க. போன வாரம் ஒருத்தர் வந்து தொப்பைய மட்டும் எடுத்துடுங்கன்னாரு. பக்கத்துல அவரு சம்சாரம். இவர எடுத்துட்டு தொப்பைய விட்டுடுங்க, அதாச்சும் வீட்டுல ஒரு இடத்துல இருக்கும்னாங்க. ம்? சிரிக்க மாட்டேங்கறீங்க. சரி.

ஸ்கேன் ஆயிடுச்சு, திரையப் பாருங்க. இப்ப உங்க பொண்ணச் சுத்தி ஒரு கோடு போடறேன். தோள்லேர்ந்து ஆரம்பிச்சு, முடி ஓரமா, காது, கழுத்து. பாத்தீங்களா, கோடு நிக்காம ஓடிட்டே இருக்கு, எறும்பு வரிசை மாதிரி? இதுக்குப் பேரு செலக்‌ஷன். இந்த வேலியப் போட்டாச்சுன்னா நான் எது செஞ்சாலும் அவங்களுக்கு மட்டும்தான். பக்கத்துல நிக்கற உங்க மேல ஒரு தூசிகூடப் படாது.

எடுத்துடவான்னா, இருங்க. அவசரப்பட்டா நடக்கற வேலையா இது. எடுக்கறது சுலபம், எடுத்த இடத்த நிரப்பறதுதான் வேலை. அவங்க நின்ன இடத்துல சுவரு வரணும், இந்த நாற்காலிக் கை வரணும்.

இங்க முன்னாடி ஒரு பொண்ணு இருந்தா. யாருகிட்டயும் கத்துக்கல, தானா நோண்டி நோண்டி எல்லாத்தையும் பிடிச்சுட்டா. அப்ப அவளுக்குத் தலைகால் புரியாத திமிரு. அவகிட்ட ஒரு பெரியவர் வந்தாரு, உங்க வயசுதான் இருக்கும். குடும்பப் படம். அப்பா, அம்மா, ஒரு மக, ஓரத்துல மகன். அந்த மகன எடுன்னாரு. என்னமோ எதுத்துப் பேசிட்டானாம், சொல் பேச்சு கேக்காம வேற ஊர்ல வேலை பாக்கப் போயிட்டானாம். எனக்கு ஒரு மகதான்னு அடிச்சுச் சொன்னாரு.

அந்தப் படம் ஏற்கெனவே அவ கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. முன்னாடி ஒரு தடவ சரி பண்ணிக் குடுத்திருக்கா. பையன் நிழல்ல நின்னுட்டான், முகம் தெரியல. அதனால அவனச் சுத்திக் கோடு போட்டு, அவனுக்கு மட்டும் வெளிச்சம் கூட்டியிருந்தா. எப்படின்னா, படத்தத் தொடாம. அட்ஜஸ்ட்மென்ட் லேயர்னு சொல்லுவோம். படத்து மேல ஒரு கண்ணாடித் தாள வச்ச மாதிரின்னு வச்சுக்குங்க. அந்தத் தாள்ல மூக்கு முழி எதுவும் கெடையாது. எந்த எடத்துல எவ்வளவு வெளிச்சம், அவ்வளவுதான் இருக்கும். பக்கத்துல சின்னதா ஒரு கண்ணு போட்டிருக்கும், அத அமுக்கினா தாள் மறையும், மறுபடி அமுக்கினா வரும்.

இப்ப எடுக்கணுமே. அந்தத் தாள மறைச்சு வச்சுட்டு, அடியில இருக்கற படத்துல கைய வச்சா. சுவரு கஷ்டமில்ல. பையனோட கைதான் கஷ்டம். அம்மா தோள் மேல கை போட்டிருந்தான், நாலு விரலு. அதுக்கடியில புடவை மடிப்பு எப்படி இருந்திருக்கும்னு யாருக்குத் தெரியும்? இந்தப் பக்கத்துத் தோள்லேர்ந்து மடிப்ப எடுத்து, திருப்பி, ஒட்டி, ஓரத்தத் தேய்ச்சு... முடிச்சுட்டுப் பாத்தா, சத்தியமா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. அவளே தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கிட்டா. பெரியவரு கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பாத்துட்டு, இப்படி ஒருத்தன் இருந்த மாதிரியே தெரியலன்னாரு.

அங்கதான் ஒரு தப்பு பண்ணா. வேற பேர்ல சேவ் பண்ணியிருக்கணும். அதே பேர்ல பண்ணிட்டா. எங்க வேலையில முதல் நாள் கத்துக்கற விஷயம் அது. திமிர்ல விட்டுட்டா. பழசு மேல புதுசு ஏறிடுச்சு.

வேற படம் இல்லாமலா? எல்லாத்தையும் பெரியவரு அதுக்கு முன்னாடியே கிழிச்சு எரிச்சாச்சுங்க. பள்ளிக்கூடப் படம்கூட மிச்சமில்ல. அப்பல்லாம் இந்தப் பக்கம் கையில கையில கேமரா போன் ஏது?

ஏழெட்டு வருஷம் போச்சு. பெரியவரு போய்ச் சேந்தாரு. அப்புறம் அந்தம்மா படுத்துட்டாங்க. பாதிப் பார்வதான். எம்புள்ள முகத்த ஒரு தடவ காட்டுடின்னு ஒரே அனத்தல். அவதான் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்து, நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே நாற்காலியில உக்கார வச்சா. ஃபைலத் தொறந்தா அப்பா, அம்மா, மக, சுவரு. எங்க தேடறது? அப்பத்தான் ஓரத்துல அந்தத் தாள் கண்ணுல பட்டுச்சு. மறைச்சு வச்சவ அழிக்கல. கண்ண அமுக்கினா.

ஐயா, சுவத்துல ஒருத்தன் நின்னான்.

முகம் கெடையாது. கண்ணு காது எதுவும் கெடையாது. ஆள் உயரத்துக்கு வெளிச்சம், அவ்வளவுதான். ஈரம் காஞ்ச எடம் மாதிரி சுவரு அங்க மட்டும் வெளுப்பா. ஒரு தோள் தாழ்ந்து, ஒரு தோள் தூக்கி. அம்மா தோள் மேல, அவ இழைச்சு இழைச்சு ஒட்டின அந்தப் புடவை மடிப்பு மேல, நாலு விரல். வெளிச்சமா.

அந்தம்மா திரைக்கிட்டக் குனிஞ்சு, விரலாலயே ஓரத்தத் தடவிட்டு வந்தாங்க. கோணலாத்தானே நிப்பான், அப்படியே நிக்கறான் பாருன்னாங்க. அப்புறம் தன்னோட தோள ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் பத்து நாள் இருந்தாங்க, அவ்வளவுதான்.

தண்ணி குடிக்கிறீங்களா? வேணாமா.

அந்தப் பையனா? வந்தானே. அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி, படத்த மாட்டி மூணு வாரம்கூட ஆகியிருக்காது. அப்பா வெளிய போயிருந்த நேரம். பையக்கூடக் கீழ வைக்கல. கூடத்துல அந்தப் படத்துக்கு முன்னாடி நின்னான். சத்தம் போடுவான்னு நெனச்சேன், போடல. கிட்டப் போயி அம்மா தோளக் கண்ணாடி மேல விரலால தேய்ச்சுப் பாத்தான். நான் சமையக்கட்டு வாசல்ல கரண்டியோட நின்னுட்டிருந்தேன். திரும்பிப் பாத்து, அக்கா, புடவை மடிப்பு ரொம்ப நல்லா வந்திருக்குன்னான்.

கிண்டலாச் சொல்லலீங்க. மனசாரத்தான் சொன்னான். என் கை வேல அவனுக்குத் தெரியும். செருப்ப மாட்டிட்டுப் போனவன்தான், பதினோரு வருஷமாச்சு. எங்க இருக்கான், இருக்கானா, ஒண்ணும் தெரியாது. காணோம்னு எழுதிக் குடுக்கப் போனப்ப படம் கேட்டாங்க. என்னத்தக் குடுக்க? அந்த வெளிச்சத்தப் பிரிண்டு போட்டா குடுக்க முடியும்?

ஏன் எந்திரிச்சுட்டீங்க? உங்க பொண்ணச் சுத்தி இன்னும் எறும்பு ஓடிட்டேதான் இருக்கு. இந்த ஒரு பொத்தான அமுக்கினாப் போயிடுவாங்க. சொல்லுங்க, நீங்க சொல்றதச் செய்யறேன்.

என்னது, கொஞ்சம் சத்தமா... முகமா? ஆமா, ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்னுட்டாங்க, அதான் இருட்டா இருக்கு. அத மட்டும்தானே? வெளிச்சம் போட்டுடலாம். கோடு ஏற்கெனவே போட்டதுதான். வேற பேர்லதான் சேவ் பண்ணுவேன், பயப்படாதீங்க. சாயங்காலம் வாங்க.

இந்தாங்க, பழைய படம். ஓரத்துல பிடிங்க, விரல் படாம.

கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா, கத்தி இறங்கும். இன்னும் ஆறு முகம் வெட்டணும்.