பார்க்க மட்டும்

எங்கள் குகட்பள்ளி அப்பார்ட்மென்ட்டில் லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும். மற்றவர்கள் செகரட்டரியைத் திட்டுவார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான், மேடம். ஓர் இடத்தில் உட்கார முடியாத ஆள் நான். படியேறி இறங்கினால் கால் கொஞ்ச நேரம் அடங்கும். பாலசுப்ரமணியன் மாமாவும் பட்டு மாமியும் அந்தப் படியில்தான் பழக்கமானார்கள். மாமா குஷாய்குடா தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமிக்குச் சிறுநீரகம் போய்விட்டது. ஒவ்வொரு மாடியிலும் மூச்சு வாங்க உட்காருவார். அவருடைய பையை நான்தான் தூக்கிப்போவேன்.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்டது டூலைப் பற்றி. சொல்கிறேன். மாதாப்பூரில் இருக்கும் நம் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு ஏ.ஐ. ஏஜென்ட் செய்து தருகிறது. டயாலிசிஸுக்கு ஓர் இடம் காலியானால், காத்திருப்பவர்களில் யாருக்கு அதிக அவசரமோ அவரை ஏஜென்ட் ஃபோனில் கூப்பிடும். காத்திருப்போர் பெயர்களை அதற்கு எடுத்துக் காட்டுவது ஒரு டூல். காட்டும், அவ்வளவுதான். எதையும் மாற்றாது, அழிக்காது. டூலை எப்படிப் பயன்படுத்துவது என்று ஏஜென்ட் படித்துப் புரிந்துகொள்ள ஒரு குறிப்பு வேண்டும். அதை எழுதுவதும், பிறகு சோதித்து மதிப்பெண் போடுவதும் என் வேலை. எதையாவது மாற்றுகிற டூல் என்றால் மூன்று பேர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பார்க்க மட்டும் என்றால் எழுதியவனே போதும்.

அந்த டூல் ஒரு தடவைக்கு ஐம்பது பெயர்தான் தரும். புதிதாகப் பதிந்தவர்கள் மேலே இருப்பார்கள். மீதிக்குத் திரும்பக் கேட்க வேண்டும். முதலில் அதையும் எழுதத்தான் எழுதினேன். ஏஜென்ட் சொன்ன பேச்சைக் கேட்கும் ஜாதி, கடைசிப் பெயர்வரை கேட்டுக்கொண்டே இருந்தது. நேரம் இழுத்தது, மதிப்பெண் சரிந்தது.

"என்னப்பா பத்ரி, வெறும் பேரைக் காட்டறதுக்கே இவ்வளவு நேரமா?" என்றார் மேனேஜர் வெங்கட்ரமணன், எல்லார் முன்னாலும்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு, 'காத்திருக்கும் அனைவரையும் காட்டும்' என்று எழுதினேன். சோதனைக்குச் சின்ன ஆஸ்பத்திரிகளாகப் பார்த்து எடுத்தேன். நூற்றுக்கு நூறு வந்தது.

பக்கத்து சீட் இர்பான் மட்டும் கவனித்தான். "கைக்கு, ஏன் அந்த வரிய எடுத்தீங்க, பாய்? பெரிய ஆஸ்பத்திரியில பின்னாடி இருக்கறவங்க ஏஜென்ட் கண்ணுலயே பட மாட்டாங்களே."

அடுத்த வெர்ஷனில் சேர்க்கலாம் என்றேன். நம்பிவிட்டான்.

மாமிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது இல்லாமல் முடியாது என்று டாக்டர் சொல்ல, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பெயர் கொடுத்தார்கள். நம் ஏஜென்ட் ஓடுகிற ஆஸ்பத்திரிதான். நான் பார்த்தபோதே மாமியின் பெயர் ஐம்பதைத் தாண்டியிருந்தது. எதிரே 'மிக அவசரம்' என்று இருந்தது. ஆட்கள் சேரச் சேர அது கீழே போனது. பல் தேய்க்கும்போது ஃபோனில் அந்தப் பட்டியலைப் பார்ப்பேன், சிக்னலில் பைக்கை நிறுத்திப் பார்ப்பேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் முதலில் ஏன் எடுத்தாய் என்பார்கள். நான் போட்ட மதிப்பெண் எல்லாவற்றையும் கிளறுவார்கள். பதவி உயர்வு வருகிற நேரம். பயந்தேன், மேடம்.

ஒருநாள் மாமா படியில் நிறுத்தினார். "தாரிணி சென்னைக்கு வந்துடுங்கோங்கறா. அங்க வாரத்துக்கு மூணு தடவை பண்ண இடம் இருக்காம். இங்க பேர் குடுத்துட்டோமேன்னு மாமி யோசிக்கறா. நீ அந்த ஆபீஸ்லதானே இருக்கே, என்ன சொல்றே?"

தாரிணி அவர்கள் பெண். கேள்வி கேட்காமல் விடுகிற ரகம் இல்லை. இங்கே ஏன் கூப்பிடவே இல்லை என்று ஆஸ்பத்திரியைக் குடைவாள், ஆஸ்பத்திரி நம்மைக் குடையும்.

"இருங்கோ மாமா, கண்டிப்பா கால் வரும். இப்ப போனா பேர் போயிடும்" என்றேன்.

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் மாமி அடை கொடுத்தனுப்பினார். சாப்பிட்டேன்.

அந்த மாதமே மாமிக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆம்புலன்ஸில் நான்தான் கூடப் போனேன். கால் வந்தால் எடுக்க வேண்டுமே என்று மாமி வழியெல்லாம் ஃபோனைக் கையில் பிடித்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலிலேயே மூச்சு அடங்கி, பிடி விட்டுப்போனது. அந்த வாரம் இடம் காலியாகி வேறு யாரையோ ஏஜென்ட் கூப்பிட்டதும் எனக்குத் தெரியும்.

நான்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் டூலில் தப்பில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மாமாவைத் தினமும் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். ரொம்ப இளைத்துவிட்டார். தாரிணி அவரைத் தன்னோடு அழைத்துப்போகத் துடிக்கிறாள். நான்தான் வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்த வயதில் நல்லது கெட்டது எடுத்துச் சொல்ல, பக்கத்தில் நம்பிக்கையான ஒரு ஆள் வேண்டாமா?