முன்சக்கரம் இழுக்கவில்லை

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒரு வினோதமான கோளாறு வரும். லீவரை நாலுக்குத் தள்ளியாகிவிட்டது. கீழே இறங்கி, இரண்டு முன்சக்கரங்களின் நடுவிலும் இருக்கும் குமிழைத் திருகியாகிவிட்டது. டக் என்று சத்தமும் கேட்டது. ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்சக்கரம் மட்டும் சேற்றைத் தோண்டுகிறது, முன்சக்கரம் தேமே என்று நிற்கிறது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, வண்டி மட்டும் நகரவில்லை. என் தம்பி ஐந்து நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டது இதற்காகத்தான்.

அவனுடைய முதல் செய்தியும் இதைப் பற்றித்தான். என் போன் உங்கள் மேஜைமேல் இருக்கிறது, படித்திருப்பீர்கள். நீங்கள் என்னைக் கேட்கும் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் வண்டி எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் அந்த வார்த்தையை எழுதிக்கொண்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முன்பக்க ஆக்ஸிலின் நடுவில் ஒரு பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. அது சரியான சோம்பேறி. எந்தப் பக்கம் லேசாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கத்துக்கே இஞ்சினின் பலத்தையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடும். அதனால் இடது சக்கரத்தின் இணைப்பு விட்டுப்போனால், நன்றாக இருக்கும் வலது சக்கரமும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். இதை நான் புரிந்துகொண்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்த இணைப்பு இருக்கும் இடத்தைத்தான் ஹப் என்கிறோம். உள்ளே உள்ளங்கை அகலத்தில் பல் வைத்த ஓர் இரும்பு வளையம். குமிழைத் திருகினால் வளையம் நகர்ந்து, சுற்றும் தண்டையும் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும். டக் என்ற சத்தம் வளையத்திலிருந்து வருவதாக எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. குமிழுக்கு அடியில் ஒரு குண்டும் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கின்றன. சத்தம் அவற்றுடையது. வளையமே இல்லாவிட்டாலும் டக் என்று கேட்கும்.

தம்பி எனக்கு ஒன்பது வயது இளையவன். கிளட்ச்சில் கால் வைக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். பட்டறையில் என் காலைச் சுற்றிக்கொண்டே இருப்பான். “அண்ணா, டயர்ல காத்தைக் குறைச்சா ஏன் மணல்ல போகுது? அண்ணா, டீசல் வண்டிக்கு ஏன் பிளக் இல்ல?” பதில் தெரியாத கேள்வி கேட்டால் நான் ஓர் இஞ்சினைப் பிரித்துப் பார்த்தாவது மறுநாள் சொல்வேன். என் வாழ்க்கையில் நான் ரொம்பக் கெட்டிக்காரனாக இருந்தது அந்த வருடங்களில்தான்.

பிறகு அவன் படித்தான், நில அளவை அலுவலகத்தில் வேலைக்குப் போனான், ஜீப் வாங்கினான். விடுமுறை கிடைத்தால் தன்னந்தனியாக மலைக்குள் போய்க் கூடாரம் அடித்துவிடுவான். அதை வீடியோ எடுத்துப் போடுவான். நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். வண்டியைச் சர்வீசுக்கு மட்டும் என்னிடம் விடுவான். சாவியைக் கொடுப்பான், சாவியை வாங்குவான். ஆறு வருடமாக ஒரு கேள்வி கேட்டதில்லை.

போன மாதம் அவன் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். முந்தின நாள் அவன் போட்ட வீடியோவில் ஒரு தப்பு இருந்தது. டக் என்று கேட்டால் ஹப் பூட்டிவிட்டது என்று அர்த்தம் என்று சொல்லியிருந்தான்.

“சத்தம் ஸ்பிரிங்கோடதுடா” என்றேன். “அத நம்பக் கூடாது. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கையால சுத்திப் பாத்தாத்தான் தெரியும்.”

“ஆரம்பிச்சாச்சு” என்றான். “அண்ணா, சாப்பாடு ஆறுது. அதுக்கும் உள்ள ஏதாவது ஸ்பிரிங் இருக்கா?”

தம்பி மனைவி சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது. என் மனைவி அவள் தலையில் தட்டிக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். “நாப்பதாயிரம் பேர்ல ஒருத்தனும் கேக்கல, நீ ஒருத்தன்தான்” என்று சொல்லி, என் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினான். அவனுக்கு என்மேல் பாசம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன்.

அடுத்த வாரம் வண்டி சர்வீசுக்கு வந்தது. இந்த முறை நதிப் பள்ளத்தாக்கில் இறங்கப் போவதாகச் சொன்னான். வழி எழுதிய தாளை வழக்கம்போல என்னிடம் கொடுத்தான். தனியாகப் போகிறவர்களிடம் இருக்கும் நல்ல பழக்கம் இது. எந்தப் பாதை, எந்த நாள் திரும்புவது, எத்தனை மணிவரை வராவிட்டால் மீட்புக் குழுவைக் கூப்பிடுவது, எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். ஊரில் ஒருவர் அதை வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவனுக்கு அந்த ஒருவர் நான். ஞாயிற்றுக்கிழமை திரும்புவது, திங்கள் பகல் பன்னிரண்டு தாண்டினால் கூப்பிடுவது என்று எழுதியிருந்தான்.

அந்தப் பள்ளத்தாக்கு எனக்குத் தெரியும். களிமண் பாதை, செங்குத்து. இறங்குவதற்கு இரண்டு சக்கரம் போதும். திரும்பி ஏற நாலு வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பட்டறையில் இருந்தபோது செய்தி வந்தது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று அவனிடம் உண்டு. ஒரு தடவைக்கு நூற்று அறுபது எழுத்துதான் போகும். “அண்ணா, 4ல போட்டுட்டேன். ஹப் ரெண்டும் லாக். முன்னாடி இழுக்கல. என்ன பாக்கணும்? அவகிட்ட சொல்லாத, பயந்துருவா.”

முதலில் டயரில் காற்றைக் குறைக்கச் சொன்னேன். பிறகு லீவரின் அடியில் இருக்கும் கம்பிகளைப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டான். ஏன் என்று சொன்னேன்.

வெல்டர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “என்ன முதலாளி, போனைப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறீங்க? வீட்டுல சொல்லிரட்டா?”

“தம்பிப்பா. சந்தேகம் கேக்கறான்.”

“அவரா? அப்ப இன்னைக்கு மழைதான்” என்றார்.

இரண்டாம் நாள் ஓர் அழகான சோதனை சொல்லிக்கொடுத்தேன். முன்பக்க ஆக்ஸிலுக்குப் போகும் தண்டு சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவர் வண்டியில் இருக்க, ஒருவர் கீழே பார்ப்பதுதான் வழக்கம். தனியாக இருப்பவன் என்ன செய்வான்? தண்டில் சேற்றால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஏறிச் சக்கரத்தைக் கொஞ்சம் சுழலவிட்டு, இஞ்சினை அணைத்து இறங்கி, கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். செய்தான். கோடு நகர்ந்திருந்தது. அப்படியானால் கியர் பாக்ஸில் குற்றம் இல்லை, அதைத் தாண்டி முன்பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறது. இதை நான் சொல்லவில்லை. அவனே யோசித்து எழுதினான்: “அப்ப ஹப்தானேண்ணா?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சரியாகப் பிடித்துவிட்டான்.

“ஹப்பைப் போன வாரம் நானே பிரிச்சு மாட்டினேன்” என்று எழுதினேன். “அதுல இருக்காது. அதைக் கழட்டாத, சேறு உள்ள போயிடும். வேற பாரு.”

“சரிண்ணா. நீ சொன்னா சரி.”

இடது ஹப்பிலிருந்து வளையத்தை எடுத்தவன் நான்தான். குண்டையும் ஸ்பிரிங்கையும் அப்படியே விட்டிருந்தேன். இதைத்தான் நீங்கள் முதலில் கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் அவன் கருவியில் இருக்கும் ஆபத்துப் பொத்தானை அழுத்தட்டுமா என்று கேட்டான். அழுத்தினால் ஹெலிகாப்டர் வரும். ஒரு லீவர் கோளாறுக்கா ஹெலிகாப்டர், நாற்பதாயிரம் பேர் சிரிப்பார்கள் என்று பதில் போட்டேன். அவன் மானத்தை நான் நினைத்துப் பார்க்காமல் வேறு யார் நினைப்பார்கள்? நடந்து வரட்டுமா என்றான். வண்டியை விட்டு நடக்கக் கூடாது என்றேன். அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற விதி, நான் இட்டுக்கட்டிச் சொன்னது இல்லை.

வெள்ளிக்கிழமை தம்பி மனைவி பட்டறைக்கே வந்துவிட்டாள்.

“மாமா, அவர்கிட்டேருந்து ஏதாவது வந்துச்சா?”

“வந்துச்சும்மா. நல்லா இருக்கான். ஆத்தங்கரையை விட்டு வர மனசில்லையாம்.”

“இருக்கும் இருக்கும். நாங்கள்லாம் பத்தாது, அவருக்கு ஆறு வேணும், மலை வேணும்.” சிரித்தாள். பிறகு, “ஞாயித்துக்கிழமை வந்துடுவார்ல? திங்கக்கிழமை லீவு முடியுது” என்றாள்.

“தாள்ல அப்படித்தாம்மா எழுதியிருக்கான்” என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

சனிக்கிழமை மதியம் மலைமேல் மழை பிடித்துக்கொண்டது. “ஆறு ஏறுது. கூடாரம் வரைக்கும் தண்ணி. என்ன பண்ணட்டும்?” என்று வந்தது. ஈரக் களிமண்ணில் டயர் எப்படிப் பிடிக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்து விளக்கமாக எழுதினேன். நூற்று அறுபது எழுத்துக்குள் அடங்கவில்லை. வெட்டினேன், திருத்தினேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குள் அவன் இரண்டு சக்கரத்திலேயே மேட்டை ஏறிப் பார்த்திருக்கிறான். பாதி ஏற்றத்தில் வண்டி வழுக்கிப் பக்கவாட்டில் உருண்டுவிட்டது. அந்த ஐந்து நாளில் என்னைக் கேட்காமல் அவன் செய்தது அது ஒன்றுதான்.

வண்டிக்கு அடியில் ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறான் என்று மருத்துவர் சொல்கிறார். கருவி கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்ததாம். எட்டியிருந்தால் கேட்டிருப்பான். நான் பதிலை அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். திங்கட்கிழமை சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மீட்புக் குழுவைக் கூப்பிட்டேன். ஒரு நிமிடம் பிந்தவில்லை.

ஐந்து நாளில் அறுபத்திரண்டு கேள்வி கேட்டான். எண்ணிப் பாருங்கள், எல்லாம் போனில் இருக்கின்றன. ஒன்றுகூட முட்டாள்தனமான கேள்வி இல்லை.

அவனைக் கொல்ல நினைத்திருந்தால் வளையத்தைப் பட்டறையிலேயே வைத்துக்கொண்டிருப்பேன். நான் அதையும் வண்டியிலேயே வைத்துத்தான் அனுப்பினேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதைச் செவ்வாய்க்கிழமை காலையே தட்டி வைத்துவிட்டேன். அனுப்பிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். அதனால் தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று வைத்துவிடுவேன். அனுப்பாத செய்திகளில் இருக்கிறது, நீங்கள் திறந்து பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்கு மனப்பாடம், நானே சொல்கிறேன்:

“இடது முன்சக்கரம். ஹப் மூடியில ஆறு போல்ட். கழட்டு. உள்ள வளையம் இருக்காது. டிரைவர் சீட்டுக்கு அடியில துணில சுத்தி வச்சிருக்கேன். மாட்டி முடுக்கு. இருபது நிமிஷம். நாலும் இழுக்கும்.”